மூட்டுக் காயங்களுக்குச் சிறு துளை ரண சிகிச்சை

மனித உடலின் மூட்டுகளுள் முழங்கால் மூட்டே மிகப் பெரியது. பலத்த காயங்களுக்கு அடிக்கடி இலக்காவதும் அதுவே. கபடி ஆட்டத்தில் எதிரணியினரின் பிடியிலிருந்து திமிறும் இளைஞன், தலைச்சுமையுடன் சேற்று வரப்பில் கால் வழுக்கிய பெண், மாடிப்படியில் ஒரு படி தவறவிட்ட முதியவர் ஆகிய மூவருக்கும் நேர்வது வெளிப் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். முழங்கால் வீங்குகிறது, நடக்க முடிவதில்லை. ஊரார் 'சுளுக்கு' என்ற ஒரே சொல்லால் இதைக் குறிப்பிட்டு, எண்ணெய் தேய்த்து உருவி விடுவதையே சிகிச்சையாகக் கொள்வர். ஆயினும் மூட்டினுள் நிகழ்ந்திருப்பது மூவருக்கும் மூன்று விதமாக இருக்கலாம். ஒருவருக்கு ரண சிகிச்சை விரைவில் தேவைப்படும். மற்றொருவருக்கு நிதானமாக ஆலோசித்துச் செய்யலாம். மூன்றாமவருக்கு அது தேவையே இல்லாதிருக்கலாம். இந்த வேறுபாட்டை ஓரளவு அறிந்து, உரியவரை உரிய காலத்தில் மருத்துவமனைக்கு அனுப்பும் பொறுப்பு, கிராமங்களில் பெரும்பாலும் களப் பணியாளரையும் பள்ளி ஆசிரியரையும் சார்ந்ததாகும்.

இன்று இத்தகைய காயங்களுக்கு மூட்டைப் பிளந்து திறக்காமல், தோலில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான இரண்டு துளைகளிட்டு, ஒன்றின் வழியே மூட்டின் உட்புறத்தைக் கண்டும் மற்றொன்றின் வழியே கருவிகளைச் செலுத்தியும் சிகிச்சை செய்கின்றனர். இம்முறைக்கு ஆர்த்ராஸ்கோப்பி என்று பெயர். துளை சிறிதாக இருப்பதால் சிகிச்சையும் சிறியது, ஆகவே யாருக்கும் செய்து கொள்ளலாம் என்ற எண்ணம் மக்களிடையே பரவியுள்ளது. அந்த எண்ணம் எவ்வளவு சரி என்பதை ஆராயுமுன், மூட்டின் அமைப்பைத் தெரிந்து கொள்வது அவசியம்.

மூட்டின் அமைப்பு

முழங்காலில் தொடை எலும்பின் உருண்ட இரு முனைகள், கீழ்க்கால் எலும்பின் ஏறக்குறையத் தட்டையான மேற்பரப்பின்மீது அமர்ந்துள்ளன. உருண்டையான பொருள் தட்டையான தளத்தின்மீது நிலையாக நில்லாது. இக்குறையை ஈடு செய்ய இரண்டு ஏற்பாடுகள் உள்ளன. முதலாவது, எலும்புகளுக்கிடையே ஓரம் தடித்தும் உட்புறம் மெலிந்தும் பிறை வடிவில் அமைந்த இரண்டு குருத்தெலும்பு வில்லைகள். மருத்துவர்கள் மெனிஸ்கஸ் என்று அழைக்கும் இவை இக்கட்டுரையில் பிறைக் குருத்து என்று குறிப்பிடப்படும். இரண்டாவது, எலும்புகளைப் பிணைக்கும் வலிய நார்கள். மூட்டின் பக்கங்களில் பக்கத்துக்கு ஒன்றாக இரு நார்களும், மூட்டின் நடுவே ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து செல்லும் இரு நார்களும் உள்ளன. முன் குறுக்கு நார், கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமலும், கால் ஊன்றிய நிலையில் உடல் திரும்பும்போது மூட்டு பிசகாமலும் காக்கிறது. எலும்பு முனைகளின்மேல் வழவழப்பான குருத்தெலும்புப் பூச்சு உள்ளது. ஒருமுறை தேய்ந்தால் இது முன்போல் மீண்டும் வளர்வதில்லை.

வகுப்பில் இதை விளக்க விரும்பும் ஆசிரியர், இறைச்சிக் கடையிலிருந்து ஆட்டின் பின்னங்கால் மூட்டு ஒன்றை வெட்டுப்படாமல் முழுதாக வாங்கி வந்தால் போதும். சூப்புக்கென விற்கப்படும் ஆட்டுக்காலில் இம்மூட்டு இராது. தொடையும் கீழ்க்காலும் சேருமிடத்தைக் கேட்டு வாங்க வேண்டும். சில்லின் இரு பக்கங்களிலும் சதையை நீக்கி, சில்லைக் கீழ்நோக்கி மடக்கினால், இரண்டு பிறைக் குருத்துகளும் குறுக்கு நார்களும் மனிதனுடைய மூட்டில் உள்ளவாறே காணப்படும். முன் குறுக்கு நாரைக் கத்தரித்தபின் கீழ்க்கால் எலும்பை முன்னுக்கு இழுத்துப் பார்க்கும் மாணவன், அந்த நார் எதற்காக இருக்கிறதென்பதைப் பிறகு மறக்கமாட்டான். இறைச்சியைக் கையாள விரும்பாத பள்ளிகளில், பழைய ரப்பர்ச் செருப்பிலிருந்து பிறை வடிவில் வெட்டிய துண்டுகளை ஒரு பலகைமீது வைத்து, அவற்றின்மேல் பந்தை நிறுத்திக் காட்டலாம். துண்டுகளை எடுத்துவிட்டால் பந்து உருண்டோடும்.

அகற்றியதால் நேர்ந்த கேடு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிறைக் குருத்தை, பயனற்றுப் போன ஒரு தசையின் எச்சம் என்று உடற்கூற்று அறிஞர் சிலர் கருதினர். எச்சமாயின் அதை எடுத்து எறிவதில் தவறென்ன? எனவே பிறைக் குருத்து கிழிந்தால் மூட்டைத் திறந்து அதை முழுவதும் அகற்றிவிடுவதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. எடின்பரோவில் தாமஸ் அனண்டேல் என்பவர் 1883-ல் பிறைக் குருத்தை அகற்றாமல் தைத்துப் பொருத்தினார்; எனினும் அவர் வழியைப் பின்பற்றியோர் சிலரே. குருத்தை அகற்றிய நோயாளி சில வாரங்களில் வலியின்றி நடந்தார். சிகிச்சை வெற்றி என்று எல்லோரும் எண்ணியதில் வியப்பில்லை.

1948-ல் இங்கிலாந்தின் டாக்டர் ஃபேர்பாங்க், இவ்வாறு குருத்து அகற்றப்பட்டவர்களின் முழங்கால் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்து வெளியிட்டார். எலும்புகளுக்கிடையேயுள்ள இடைவெளி குறுகியும், தொடை எலும்பின் முனை தட்டையாகியும், ஓரத்தில் எலும்பு முகடு வளர்ந்தும் இருப்பதை அவர் சுட்டிக் காட்டினார். குருத்து பாரத்தைத் தாங்குகிறது என்பதற்கு இது தக்க சான்றாயிற்று. கால் நீட்டிய நிலையில் மூட்டின்மீது விழும் பாரத்தில் ஏறக்குறையப் பாதியையும், மடக்கிய நிலையில் அதைவிட மிகுதியான பங்கையும் பிறைக் குருத்துகளே ஏற்கின்றன என்று பிற்கால அளவீடுகள் காட்டின. அவை இல்லையெனில் அவ்வளவு பாரமும் ஒரு சிறு பரப்பில் குவிந்து குருத்தெலும்புப் பூச்சைத் தேய்த்துவிடும். இருபது வயதில் குருத்தை இழந்தவர் நாற்பது வயதில் முதியவரின் முழங்காலோடு வாழ நேரிட்டது. கிழிந்த பாகத்தை மட்டும் நீக்கி மற்றதைக் காக்க வேண்டுமாயின், மூட்டின் உட்புறத்தை நன்கு காண வேண்டும். மூட்டைத் திறந்தாலும் அதன் பின்பகுதி கண்ணுக்கு எட்டுவதில்லை.

ஜப்பானில் தொடங்கிய முயற்சி

மூட்டுக்குள் நோக்கும் கருவியைப்பற்றி டென்மார்க்கைச் சேர்ந்த செவெரின் நோர்டன்டோஃப்ட் 1912-லேயே பெர்லினில் நடந்த ரண சிகிச்சை மாநாட்டில் எடுத்துரைத்தார். சுவிட்சர்லாந்தில் பிர்ஷர் என்பவர் 1921-ஆம் ஆண்டு முதல் நோயாளிகளிடம் இதைக் கையாண்டு முடிவுகளை வெளியிட்டார். ஆனால் தொடர்ந்து இதில் உழைத்து, தலைமுறை தோறும் கருவியைத் திருத்தி வந்தவர்கள் ஜப்பானியரே. டோக்கியோ பல்கலைக் கழகத்தின் கென்ஜி தகாகி 1918-ல், சிறுநீர்ப் பையை நோக்கப் பயன்படும் கருவியொன்றை இறந்தவரின் முழங்காலில் செலுத்திப் பார்த்தார். அவரைத் தூண்டிய காரணம் நம் நாட்டினருக்கு எளிதில் விளங்கக் கூடியது. அக்காலத்தில் ஜப்பானில் மூட்டு க்ஷயம் மிகுதி. அது முற்றினால் முழங்கால் விறைத்துப் போகும். தரையில் மண்டியிட்டு அமரும் வழக்கமுள்ள மக்களுக்கு விறைத்த முழங்கால் பெருந்துன்பம். நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிய வழியுண்டா என்று அவர் தேடினார். 1931-க்குள் கருவியின் விட்டம் 3.5 மில்லிமீட்டராகக் குறைந்தது. மூட்டை உப்பு நீரால் விரித்துக் காணும் முறையும் வழக்கத்துக்கு வந்தது.

தகாகியின் மாணவர் மஸாகி வதனபே, உலகப் போருக்குப் பின் இப்பணியைத் தொடர்ந்தார். 1957-ல் மூட்டின் உட்புறக் காட்சிகளைப் படங்களாகத் தொகுத்து நூலாக வெளியிட்டார். ஒன்றன்பின் ஒன்றாக அவர் எண்ணிட்டுச் செய்து வந்த கருவிகளில் 21-ஆம் எண்ணுடையது புகழ் பெற்றது. அதன் நுனியில் மிகச் சிறிய மின்சார பல்பு ஒன்று இருந்தது. மூட்டுக்குள் அது உடைந்துவிடும் அபாயமும் இருந்தது. இக்கருவியின் உதவியால் 1962-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள், கூடைப்பந்து ஆட்டத்தில் முழங்காலை முறுக்கிக் கொண்ட 17 வயது இளைஞனின் பிறைக் குருத்தில் கிழிந்த பாகத்தை மட்டும் வதனபே வெட்டி அகற்றினார். மூட்டைத் திறக்காமல் செய்யப்பட்ட முதல் குருத்துச் சிகிச்சை இதுவே. 1964-ல் டோக்கியோ சென்ற கனடா நாட்டு டாக்டர் ராபர்ட் ஜாக்சன் அவரிடம் இதைக் கற்றுக்கொண்டு தம் நாட்டில் பரப்பினார். மூட்டின் உள்ளேயே குருத்தைத் தைக்கும் முறையும் 1969-ல் ஜப்பானில்தான், இகேஉச்சி என்பவரால் முதன்முதலில் செய்யப்பட்டது.

பல்பு உடையும் தொல்லை நீங்கியதில் ஓர் இந்தியருக்கும் பங்குண்டு. பஞ்சாபிலுள்ள மோகாவில் 1926-ல் பிறந்த நரீந்தர் சிங் கபானி, லண்டனில் பேராசிரியர் ஹாரோல்டு ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, தலைமயிர் போன்ற கண்ணாடி இழைகளின் கற்றை வழியே உருவத்தைக் கடத்தலாம் என்று 1954-ல் மெய்ப்பித்தார். இவ்விழைகளின் மூலம் வெளியிலிருந்து குளிர்ந்த ஒளியை மூட்டுக்குள் செலுத்த முடிந்ததால், உள்ளே பல்பு வைக்க வேண்டிய அவசியம் ஒழிந்தது. அதே ஹாப்கின்ஸ் வகுத்த கோல் வடிவ லென்ஸ் அமைப்பு, மெல்லிய குழாயிலும் தெளிவான காட்சியைத் தந்தது. பின்னர் சிறிய வீடியோ காமிரா சேர்க்கப்பட்டதும், ஒருவர் கண்ணை வைத்து நோக்கியது போய், அறையிலுள்ள அனைவரும் திரையில் காணலாயிற்று. கற்பிக்கும் மருத்துவமனைகளுக்கு இம்மாறுதல் பேருதவியாயிற்று.

சிகிச்சை நடைபெறும் விதம்

முழங்கால் சிகிச்சைக்குப் பெரும்பாலும் முதுகுத் தண்டில் மருந்து செலுத்தி இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்வர். தொடையில் காற்றுப் பட்டை கட்டி இரத்த ஓட்டத்தைத் தாற்காலிகமாக நிறுத்துவதுண்டு. சில்லுக்குக் கீழேயுள்ள தசைநாணின் வெளிப்பக்கத்தில் ஒரு துளையும் உட்பக்கத்தில் ஒரு துளையும் இடப்படும். முதல் துளையில் சுமார் 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஆர்த்ராஸ்கோப் செல்கிறது. அதன் நுனி 30 பாகை சாய்வாக அமைந்திருப்பதால், கருவியைச் சுழற்றினாலே பார்வை சுற்றிலும் திரும்பும். உப்பு நீர் இடைவிடாமல் பாய்ந்து மூட்டை விரித்து வைப்பதுடன் இரத்தத்தையும் துகள்களையும் அடித்துச் செல்கிறது. இரண்டாம் துளையில் முதலில் செல்வது வெட்டும் கருவியன்று. நுனி வளைந்த ஒரு கொக்கியே. அதனால் குருத்தைத் தூக்கியும் நாரை இழுத்தும் பார்த்து, எது உறுதியாக இருக்கிறது, எது தளர்ந்திருக்கிறது என்று நிபுணர் அறிகிறார்.

அடுத்து எழும் கேள்வி, வெட்டுவதா தைப்பதா என்பதாகும். பிறைக் குருத்தின் வெளி ஓரத்தில் மட்டுமே, அதன் அகலத்தில் ஏறக்குறையக் கால் பங்கு வரை, இரத்தக் குழாய்கள் உள்ளன. இரத்தம் செல்லுமிடத்தில் ஏற்பட்ட கிழிசல் தைத்தால் ஆறும். உள் ஓரத்தில் ஏற்பட்டது பொதுவாக ஆறாது. எனவே வெளி ஓரக் கிழிசல், அதிலும் இளவயதினருடையது, தைக்கப்பட வேண்டியது. உள் ஓரத்தில் தொங்கும் துண்டை மட்டும் நீக்கி விளிம்பைச் சீர்ப்படுத்துவர். துண்டை நீக்கியவர் விரைவில் நடப்பார்; தைத்துக் கொண்டவர் பல வாரங்கள் ஊன்றுகோலுடன் காத்திருக்க வேண்டும். விரைவில் வேலைக்குச் செல்லும் ஆவலில், தைப்பதைவிட நீக்குவதே நல்லதென்று நோயாளிகள் வற்புறுத்துவதுண்டு. ஃபேர்பாங்கின் எக்ஸ்ரே படங்களை நினைவிற்கொண்டால் இந்த அவசரம் எவ்வளவு விலையுயர்ந்தது என்பது புலப்படும்.

முன் குறுக்கு நாரின் நிலை வேறு. அது அறுந்தால் இரு முனைகளையும் தைப்பதில் பெரும்பாலும் பயனில்லை. ஆகவே அதே காலின் தொடைத் தசைநாணிலிருந்தோ சில்லுக்குக் கீழுள்ள நாணிலிருந்தோ ஒரு பட்டையை எடுத்து, இரு எலும்புகளிலும் துளையிட்டு, அதன் வழியே செலுத்திப் பொருத்துகின்றனர். ஒட்டு வைத்த அன்று உள்ள வலிமை அடுத்த சில வாரங்களில் குறைந்து, பிறகே மெல்ல மெல்ல வளர்கிறது. ஆகையால் வலி நீங்கியதென்று ஒன்பது மாதங்களுக்கு முன்பே ஆடுகளத்தில் இறங்குவோருக்கு மீண்டும் காயம் நேரும் வாய்ப்பு மிகுதி. நார் அறுந்த ஒவ்வொருவருக்கும் இந்த ஒட்டு தேவை என்பதுமில்லை. ஸ்வீடனில் 121 இளைஞர்களைக் கொண்டு நடத்தி 2010-ல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியில், ஒரு பகுதியினருக்கு உடனே ரண சிகிச்சையும், மற்றவர்களுக்கு முதலில் முறையான தேகப் பயிற்சியும் அளித்தனர். இரண்டாண்டுகளுக்குப் பின் இரு சாராரின் நிலையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. பயிற்சி பெற்ற 59 பேரில் 23 பேரே அதற்குள் ரண சிகிச்சையை நாடினர். ஓடித் திரும்பும் ஆட்டங்களை ஆடுவோருக்கும், நடக்கும்போதே முழங்கால் அடிக்கடி மடிந்து விடுவோருக்கும் ஒட்டு அவசியமாகலாம். மடிந்து மடிந்து விழும் முழங்காலை அப்படியே விட்டுவிட்டால், நாளடைவில் பிறைக் குருத்தும் கிழியும். வளரும் சிறுவருக்கோ, எலும்பின் வளர்ச்சித் தகட்டைத் துளை தாக்காதவாறு தனிக் கவனம் தேவை.

பயனளிக்காத இடம்

இனி மாடிப்படி தவறிய முதியவரைக் கவனிப்போம். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவரின் முழங்காலை எம். ஆர். ஐ. படம் எடுத்தால், பிறைக் குருத்தில் கிழிசல் தென்படுவது மிகச் சாதாரணம். அமெரிக்காவில் 50 முதல் 90 வயது வரையுள்ள 991 பேரைப் பரிசோதித்து 2008-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கிழிசல் இருந்தவர்களுள் நூற்றுக்கு 61 பேருக்கு முந்திய மாதத்தில் முழங்கால் வலியே இருக்கவில்லை. நரைத்த மயிரைப் போல, வயதின் அடையாளமாகவும் கிழிசல் இருக்கலாம். வலியுடன் வருபவரின் படத்தில் கிழிசலைக் கண்டதும், வலிக்குக் காரணம் அதுவே எனக் கொள்வது அவசர முடிவாகும்.

இதைச் சோதிக்க மேற்கொண்ட இரு ஆராய்ச்சிகள் குறிப்பிடத்தக்கவை. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் முழங்கால் தேய்மானமுள்ள 180 பேரை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு ஆர்த்ராஸ்கோப் மூலம் மூட்டைச் சுரண்டிச் சீர் செய்தனர். மற்றொரு பிரிவினருக்குக் கழுவி மட்டும் விட்டனர். மூன்றாம் பிரிவினருக்குத் தோலில் கீறலிட்டு, உப்பு நீரைத் தெளித்து ஓசையை மட்டும் எழுப்பி, உண்மையில் எதுவும் செய்யாமல் தையல் போட்டு அனுப்பினர். எவருக்கு எது நடந்ததென்று நோயாளிகளுக்குத் தெரியாது. இரண்டாண்டுகள் கவனித்தபின் 2002-ல் வெளியான முடிவின்படி, மூன்று பிரிவினருக்கும் வலி குறைந்த அளவில் வேறுபாடில்லை. பின்லாந்தில் 2013-ல் வெளியான ஆராய்ச்சியில், தேய்மானம் இல்லாமல் வயதின் காரணமாகக் குருத்துக் கிழிந்த 146 பேரிடம், கிழிந்த பாகத்தை உண்மையாக நீக்கியதற்கும் நீக்குவதுபோல் நடித்ததற்கும் ஓராண்டுக்குப் பின் வேறுபாடு காணப்படவில்லை. இவற்றையும் இவை போன்ற பிறவற்றையும் ஆராய்ந்த சர்வதேச நிபுணர் குழு, தேய்மான முழங்காலுக்கு ஆர்த்ராஸ்கோப்பி வேண்டாமென்று 2017-ல் உறுதியாகப் பரிந்துரைத்தது.

சொந்த நிலத்தை அடகு வைத்துச் சிகிச்சைக்குப் புறப்படும் குடும்பத்துக்கு இச்செய்தியை எட்டச் செய்வது களப் பணியாளரால் இயலும். இத்தகைய முதியவருக்கு உதவுவது தொடைத் தசைகளை வலுவாக்கும் தினசரிப் பயிற்சியும் எடைக் குறைப்புமேயாகும். பருத்த உடலினர் ஒரு கிலோ எடை குறைத்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால்மீது விழும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது. நாற்காலியின் விளிம்பில் அமர்ந்து, காலை மெல்ல நீட்டிச் சில விநாடி நிறுத்தி இறக்கும் எளிய பயிற்சியைப் பத்துப் பத்து முறையாக நாள்தோறும் செய்யலாம், செலவில்லை. செலவில்லாத சிகிச்சையில் மக்களுக்கு நம்பிக்கை பிறப்பதில்லை என்பதே இதிலுள்ள இடையூறு.

களத்தில் கவனிக்க வேண்டியவை

காயம் பட்டவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, வீக்கம் எப்போது தோன்றியது என்பது. இரண்டொரு மணி நேரத்துக்குள் முழங்கால் பெரிதாக வீங்கினால் மூட்டுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது. குறுக்கு நார் அறுந்திருக்கலாம், எலும்பு முறிந்திருக்கலாம். காயத்தின்போது 'பட்' என்ற ஓசை கேட்டதென்றோ உணர்ந்ததென்றோ இளைஞர் சொன்னால், நார் அறுந்ததாகச் சந்தேகிப்பது தகும். மறுநாள் காலையில் மெல்ல வந்த வீக்கம் பெரும்பாலும் குருத்துக் காயத்தைக் குறிக்கும்.

இரண்டாவதாக, காலை முழுவதும் நீட்ட முடிகிறதா என்று பார்த்தல் வேண்டும். வலியால் நீட்ட அஞ்சுவது வேறு. ஏதோ தடுப்பதுபோல் ஓர் அளவுக்குமேல் நீளாமல் நிற்பது வேறு. பின்னது, குருத்தின் கிழிந்த பகுதி வாளியின் கைப்பிடிபோல் புரண்டு எலும்புகளுக்கிடையே சிக்கியதன் அறிகுறியாகும். இத்தகைய பூட்டிக்கொண்ட முழங்காலை உருவியோ இழுத்தோ நீட்ட முயன்றால் கிழிசல் நசுங்கிச் சிதையும். சில வாரங்களுக்குள் எலும்பியல் நிபுணரிடம் சென்றால் தைத்துக் காக்கக் கூடிய குருத்து, பல மாதங்கள் சுளுக்கு வைத்தியத்தில் கழிந்தபின் வெட்டி எறிவதற்கே தகுதியாகிறது. ஆர்த்ராஸ்கோப்பியின் முழுப் பயனும் கிடைக்கக் கூடியவர் இவரே. தாமதத்தால் அதை இழப்பவரும் பெரும்பாலும் இவரே.

இரண்டு நிலைகளில் நாள் கணக்கில் அல்ல, மணிக் கணக்கில் செயல்பட வேண்டும். பலத்த அடியால் முழங்கால் உருக்குலைந்து, பாதம் குளிர்ந்து வெளுத்திருந்தால், முழங்காலுக்குப் பின்னுள்ள பெரிய இரத்தக் குழாய் சிதைந்திருக்கலாம். ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் இரத்த ஓட்டத்தை மீட்காவிடில் காலையே இழக்க நேரும். மற்றொன்று, கடுங்காய்ச்சலுடன் மூட்டு சிவந்து சுடுவதும், சிறிதும் அசைக்க முடியாமலிருப்பதும். இது மூட்டில் சீழ் பிடித்ததன் அடையாளம். குழந்தைகளிடம் அதிகம் காணப்படும். சில நாட்களிலேயே குருத்தெலும்பைக் கரைத்துவிடும் இந்நோயில், ஆர்த்ராஸ்கோப் வழியே சீழைக் கழுவி வெளியேற்றுவதும் ஒரு முறையாகும்.

இவை தவிர்ந்த காயங்களில் முதலுதவி எளிது. ஆட்டத்தை உடனே நிறுத்தி, துணி சுற்றிய பனிக்கட்டியை ஒரு தடவைக்குப் பதினைந்து இருபது நிமிஷம் வைத்து, மீள்துணிக் கட்டு இறுகாமல் சுற்றி, காலைத் தலையணைமீது உயர்த்தி வைக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு ஒத்தடமும் எண்ணெய் உருவுதலும் கூடா. தேகப் பயிற்சி ஆசிரியர்கள் மற்றொன்றையும் கருதலாம். குதித்து இறங்கும்போது முழங்கால்கள் உட்புறம் சாயாமல் மடங்கி இறங்கவும், ஓட்டத்தில் திரும்பவும் ஆட்டத்துக்கு முன் பதினைந்து நிமிஷம் பழக்கினால், குறுக்கு நார்க் காயங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைகின்றன என்று பல நாட்டு ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. இக்காயத்துக்கு ஆண்களைவிட அதிகம் உள்ளாகும் பெண் ஆட்டக்காரருக்கு இப்பயிற்சி இன்னும் அவசியம்.

சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியவரைப் பார்க்கச் செல்லும் பணியாளர், துளைகளின் தழும்பைவிட ஆடுசதையைக் கவனிப்பது நலம். ஆடுசதை வீங்கி வலித்தால் ஆழ்ந்த இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்திருக்கலாம். திடீரென மூச்சுத் திணறினால் அது நுரையீரலுக்குச் சென்றிருக்கலாம். காய்ச்சலும், துளையிலிருந்து நீர் கசிதலும் சீழின் அறிகுறி. இவை நூற்றுக்கு ஒருவருக்குக்கூட நேர்வது அரிது. நேர்ந்தால் அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும். குருத்து தைக்கப்பட்டவர் பல மாதங்களுக்குக் குந்துதலையும் சம்மணமிட்டு அமர்தலையும் தவிர்க்கும்படி அறிவுறுத்தப்படுவார். நாற்காலியில்லாத வீட்டில், குந்தும் கழிப்பிடமே உள்ள வீட்டில், இந்த அறிவுரை ஏட்டளவில் நின்றுவிடும். நடுவில் துளையிட்ட பழைய நாற்காலி ஒன்றைக் கழிப்பிடத்தின்மேல் வைப்பதற்கு ஊர்த் தச்சரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால், மருத்துவமனையில் போட்ட தையல் வீட்டில் பிரியாது.